அறுவைக்குப் பின் திரும்பும் பசி

எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்கள் முதல் ஆறு மாதம் வியப்போடு பேசுவார்கள். ஒரு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, சாப்பாட்டு நினைப்பே வருவதில்லை என்பார்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்துக் கேட்டால் பலரிடம் பேச்சு மாறியிருக்கும். "மறுபடியும் பசிக்குது" என்று, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலக் குரல் தாழ்த்திச் சொல்வார்கள். மருத்துவமனையில் இதைச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கொஞ்சம் கன்ட்ரோலா இருங்கம்மா" என்பதுதான். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு சிகிச்சை நடைமுறையே இருக்கிறது. அதன் நிறைகளையும் குறைகளையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது.

அப்படி எடைபோட்டுப் பார்ப்பதற்கு நஞ்சன்கூடு நல்ல இடம். மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை வழியாக ஊட்டி செல்லும் சாலையில், இருபத்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் கபிலை ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். நோய் தீர்க்கும் தெய்வம் என்று நம்பப்படும் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் ஒரு பக்கம். 1989 முதல் இயங்கும் நெஸ்லே ஆலையும் மருந்து ஆலைகளும் கொண்ட தொழிற்பேட்டை மறுபக்கம். அறுவை நடப்பது மைசூரிலோ பெங்களூரிலோ கோவையிலோ இருக்கலாம். அதற்குப் பிறகான இருபது ஆண்டு வாழ்க்கை இப்படியொரு ஊரின் சமையலறையிலும் கேன்டீனிலும் கோயில் பந்தியிலும்தான் நடக்கிறது. பெரிய மருத்துவமனையின் அறிவுரை அங்கே எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் அறுவையின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். பசி என்பது வயிற்றின் கொள்ளளவு மட்டும் சார்ந்த விஷயம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் இரைப்பையிலிருந்து சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது இது ரத்தத்தில் ஏறும்; சாப்பிட்டதும் இறங்கும். இரைப்பையின் மேற்பகுதியில்தான் இதன் சுரப்பு அதிகம். இன்று பரவலாகச் செய்யப்படும் 'ஸ்லீவ்' அறுவையில் அந்தப் பகுதி உட்பட இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு நீக்கப்படுகிறது. 'பைபாஸ்' முறையில் உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியைச் சீக்கிரம் சென்றடைவதால், வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன.

வெறும் பட்டினியால் எடை குறைப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. டேவிட் கம்மிங்ஸ் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டால் இளைத்தவர்களின் கிரெலின் 24 விழுக்காடு உயர்ந்திருந்தது. பைபாஸ் செய்தவர்களிடம் அது இயல்பான எடை உடையவர்களைவிட 77 விழுக்காடு குறைவாக இருந்தது. மெல்போர்னில் நடந்து 2011இல் வெளியான இன்னோர் ஆய்வு, டயட்டில் இளைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. இளைத்த உடல் பழைய எடைக்கே திரும்ப முயல்கிறது. அந்த முயற்சியை மனஉறுதியால் மட்டும் வெல்வது அரிது. அறுவை அந்தப் போராட்டத்தில் நோயாளியின் பக்கம் நிற்கிறது. 1987இல் தொடங்கிய சுவீடன் நாட்டு ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் பத்தாண்டு கழித்தும் தொடக்க எடையில் சராசரியாக 25 விழுக்காடு குறைவாகவே இருந்தார்கள்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. எடை மிகக் குறைவாக இருந்தது முதல் ஓரிரு ஆண்டுகளில்தான். பிறகு எல்லா வகை அறுவையிலும் கொஞ்சம் ஏறியது. பசியின் அமைதி நிரந்தரம் இல்லை. எஞ்சிய இரைப்பை மெல்ல விரிகிறது, உடல் புதிய நிலைக்குப் பழகுகிறது. இதில் ஒரு பங்கு இயல்பானது, தேவையானதும்கூட. நாளெல்லாம் பசியே இல்லாமல் யாரும் நலமாக வாழ முடியாது. சிக்கல், இயல்பான பசியையும் நோயின் அறிகுறியான பசியையும் பிரித்துப் பார்க்க யாரும் சொல்லித்தராததில் இருக்கிறது.

நடைமுறையில் தரப்படும் விதிகள் நமக்குத் தெரிந்தவை. புரதத்தை முதலில் சாப்பிடு, நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சேர், நன்றாக மென்று இருபது, முப்பது நிமிடம் எடுத்துக்கொள், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, இனிப்பைத் தவிர். இவற்றில் புரதமும் நிதானமும் பற்றிய அறிவுரைகள் உறுதியானவை. புரதம் வயிற்றில் தங்கும், தசையைக் காக்கும், பசியைத் தள்ளிப்போடும். தண்ணீர் விதிக்கான சான்று சொல்லப்படும் அளவுக்கு வலுவானதில்லை. இருந்தாலும் முதல் மாதங்களில் வாந்தியையும் வயிற்று அசௌகரியத்தையும் தவிர்க்க அது பலருக்கு உதவுகிறது. எளிமை, செலவின்மை, யாரும் பின்பற்றக்கூடிய தெளிவு ஆகியவை இந்த விதிகளின் பலம்.

முதல் குறை, இந்த விதிகள் எல்லாப் பசியையும் ஒரே பசியாகக் கருதுவது. ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு அமிலம் மேலேறும் தொல்லை வருகிறது. அந்த எரிச்சலும் பிசைவும் பசி போலவே இருக்கும். ஏதாவது சாப்பிட்டால் சற்று அடங்கும், மறுபடி எழும். அவருக்கு வேண்டியது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் பரிசோதனையும். சர்க்கரை நோயாளிக்கு எடை குறைந்த பிறகும் பழைய அளவிலேயே இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ தொடர்ந்தால், சர்க்கரை தாழ்ந்து பசி கொல்லும். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் பசியைத் தூண்டும். இரும்புச்சத்து குறைந்தவர் பச்சரிசியையும் ஐஸ் கட்டியையும் மென்றுகொண்டே இருப்பார்; அதை வீட்டார் கெட்ட பழக்கம் என்பார்கள்.

ஒரு பசியை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். பைபாஸ் செய்த ஒருவர் காலை எட்டரைக்குக் கேசரிபாத்தும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிடுகிறார். இனிப்பு குடலுக்குள் வேகமாக இறங்குகிறது, ரத்தச் சர்க்கரை சட்டென ஏறுகிறது, உடல் தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, கண் இருள்கிறது, அகோரப் பசி எடுக்கிறது. பக்கத்தில் இருப்பவர் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டுகிறார். அது உடனே காப்பாற்றும். மதியத்துக்குள் அதே சுழற்சி மறுபடி தொடங்கும். இவரிடம் "கன்ட்ரோல் பண்ணுங்க" என்று சொல்வது மருத்துவமே ஆகாது. நடுக்கம் வரும் நேரத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் பார்த்தால் துப்பு கிடைத்துவிடும். 55க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். காலை உணவில் இனிப்பை விட்டு முட்டையோ பயறோ சேர்த்தாலே பலருக்கு இது பெருமளவு குறைகிறது. குறையாதவர்களுக்கு மருந்து உண்டு.

இரண்டாம் குறை, டயட் சார்ட்டுக்கும் தட்டுக்கும் உள்ள தூரம். வேகவைத்த கோழி, புரோட்டீன் பவுடர், கிரேக்கத் தயிர் என்று அச்சடித்த தாள் நஞ்சன்கூட்டு வீட்டுக்கு வருகிறது. அங்கே மதியம் ராகி முத்தே, அதாவது ராகிக் களி உருண்டை. அதைக் கிள்ளி, சாறில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். மெல்பவரைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். நன்றாக மென்று தின்னச் சொல்லும் விதி இந்த ஒரு பழக்கத்திலேயே உடைந்துவிடுகிறது. முதல் மாதங்களில் பிசுபிசுப்பான களி சுருங்கிய இரைப்பையில் சிக்கி வலியும் தரலாம். இதைச் சொல்லாத சார்ட், ராகியை ஆரோக்கிய உணவு என்று மட்டும் சொல்லி நகர்கிறது. நூறு கிராம் ராகி மாவில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. புரதம் ஏழு கிராம்தான்.

இன்னொரு வகை உணவும் இருக்கிறது: குழைந்த தயிர்சாதம், ரசம் சாதம், பாயசம், ஐஸ்கிரீம், வாயில் கரையும் மைசூர்பாகு. இவை தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். உடல் தேறாத காலத்தில் "லேசா சாப்பிடுங்க" என்று வீட்டார் அன்போடு ஊட்டுவது பெரும்பாலும் இவற்றைத்தான். நாளாக ஆக, அந்த அன்பே பசியை வளர்க்கிறது.

தீர்வும் அதே சமையலறையில் இருக்கிறது. நூறு கிராம் உலர்ந்த கொள்ளில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. இந்தப் பகுதியில் ஹுரளி சாறு எனப்படும் கொள்ளு ரசம் தெரியாத வீடில்லை. ஆனால் பலரும் சாறின் தெளிவை ஊற்றிக்கொண்டு, கொள்ளை ஒதுக்கிவிடுகிறார்கள். வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் அரைக் கிண்ணம் கெட்டியான கொள்ளுச் சுண்டலோ, குளிர்காலத்தில் அவரைக்காய்ப் பருப்போ, முட்டையோ, பனீரோ; அடுத்து காய்ப் பல்யம் (பொரியல்); கடைசியில் எலுமிச்சை அளவு முத்தே, மென்று. புவிசார் குறியீடு பெற்ற நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழத்தை அறவே விலக்கச் சொல்ல வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் இரண்டு பழம் தின்பதற்கும், உணவின் முடிவில் பாதிப் பழம் தின்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித் தந்தால் போதும். விலையுயர்ந்த பவுடரை வாங்க முடியாதவருக்கு இப்படி எழுதிய ஒரு தாள் பெரிய உதவி.

மூன்றாம் குறை, வாழ்க்கை நேரத்தைக் கேட்காதது. தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. 2004இல் வெளியான ஆய்வொன்றில், இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டபோது, அவர்களின் கிரெலின் 28 விழுக்காடு கூடியது; நிறைவைச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. அறுவையால் அடங்கிய பசியைத் தூக்கமின்மை மறுபடி எழுப்ப முடியும் என்றே இதிலிருந்து ஊகிக்கத் தோன்றுகிறது. "காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு" என்று அச்சிட்ட நேரப்பட்டியல் இரவு ஷிஃப்டுக்காரருக்கு எதற்கு? அதிகாலை மூன்று மணிக்கு என்ன சாப்பிடலாம் என்பதுதான் அவர் கேள்வி. திங்கள்கிழமை விரதம் இருக்கும் பெண், பூஜை முடியும்வரை தண்ணீரும் தொடாமல் இருந்துவிட்டு மாலையில் ஒரேயடியாகச் சாப்பிடுகிறார். பங்குனித் தேரின்போது வீடு நிறைய விருந்தினர், பிரசாதம். இதையெல்லாம் முன்கூட்டிக் கேட்டுத் திட்டமிட வேண்டும். கேட்காமல் விட்டு, பிறகு நோயாளியைக் குறை சொல்வது நியாயமில்லை.

நான்காம் குறை காலக்கணக்கு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நிபந்தனைப்படி, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேலோ, கடுமையான துணைநோயோடு 35 அல்லது அதற்கு மேலோ இருந்து, மற்ற வழிகள் பலிக்காதபோது அறுவைச் செலவைக் காப்பீட்டில் பெற வழி இருக்கிறது. இது பாராட்ட வேண்டிய முன்னேற்றம். ஆனால் மருத்துவமனையை விட்டு வந்த பிறகான செலவுக்குப் பாலிசிகள் பொதுவாக 60, 90, மிஞ்சினால் 180 நாள்தான் தருகின்றன. பசி திரும்புவதோ அதற்கு வெகுநாள் கழித்து. உதவி மிகவும் தேவைப்படும் வேளையில் டயட்டீஷியன் கட்டணம், ரத்தப் பரிசோதனை, வாழ்நாள் முழுவதும் வேண்டிய வைட்டமின் மாத்திரை எல்லாம் கைக்காசு. மைசூருக்குப் போய்வர ஒருநாள் கூலியும் போகும். தொடர் சந்திப்புகள் நின்றுபோவதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்லக் கூடாது.

இப்போது பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அறுவைக்குப் பிறகும் போதிய எடை குறையாதவர்களுக்கு, இதே குடும்பத்து மருந்தான லிராகுளூட்டைடைத் தந்து லண்டனில் நடத்திய சோதனை 2023இல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் அவர்கள் எடை சராசரியாக 9 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு மாற்றமே இல்லை எனலாம். பசி உடலியல் சார்ந்தது என்பதற்கு இது வலுவான சான்று. மருந்தை நிறுத்தினால் பசி திரும்பும் என்பதும், குமட்டலால் புரதம் குறைந்து தசை கரையலாம் என்பதும் மறுபக்கம். காரணம் தேடாமல் நேராக ஊசிக்குப் போவதும், ஸ்லீவைப் பைபாஸாக மாற்றும் மறு அறுவைக்குப் போவதும் பழைய தவற்றின் புதிய வடிவங்களே.

ஆக, அறுவை தன் வாக்கைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. அதற்குப் பிறகான கவனிப்பு காப்பாற்றவில்லை என்பதே என் முடிவு. எடைமெஷின் காட்டும் எண்ணோடு சந்திப்பு முடிந்துவிடக் கூடாது. பசி எத்தனை மணிக்கு வருகிறது, எதைச் சாப்பிட்ட பிறகு வருகிறது, நடுக்கம் உண்டா, எரிச்சல் உண்டா, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். நோயாளியும் ஒரு வாரம் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்துவிடும். சமைப்பவரையும் கூட அழைத்துப் போக வேண்டும். சார்ட்டை நடைமுறைப்படுத்துவது அவர்தானே. பசி திரும்பியதற்காக வெட்கப்பட்டு மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் உடனே நாள் வாங்குங்கள். "கன்ட்ரோலா இருங்க" என்று சொன்னால், "எதனால பசிக்குதுன்னு பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணத்தைத் தேடித் தரும் கடமை அவர்களுக்கு உண்டு.