பத்து பவுண்டு வீடு

இங்கிலாந்தின் சசெக்ஸில், கக்மியர் ஆற்றங்கரையில் ஆல்ஃப்ரிஸ்டன் என்றொரு கிராமம். தேவாலயத்தை ஒட்டியுள்ள 'கிளர்ஜி ஹவுஸ்' ஏறத்தாழ 600 ஆண்டு பழைய கூரை வீடு. போகிறவர்கள் வேய்ந்த கூரையையும் தோட்டத்தையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கூரையின் விளிம்புக்குக் கீழே இருக்கிறது.

இது 'வீல்டன்' வகை. கென்ட், சசெக்ஸ் பக்கம் வசதியான விவசாயிகள் விரும்பிக் கட்டிய பாணி. நடுவில் தரையிலிருந்து கூரை உச்சிவரை திறந்த கூடம். முனைகளில் மாடி அறைகள். மாடியின் உத்திரங்கள் கீழ்ச்சுவரைத் தாண்டி நீளும். அதனால் முனைகள் துருத்திக்கொண்டிருக்க, மாடியில்லாத கூடம் உள்வாங்கி நிற்கும். தச்சர் தனித்தனிக் கூரை போட்டிருக்கலாம். போடவில்லை, ஒரே கூரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நேராக இழுத்துவிட்டார். கூடத்துக்கு முன்னால் அந்த விளிம்பு உத்திரம் கீழே சுவரே இல்லாமல் அந்தரத்தில் ஓடுகிறது. பக்கவாட்டிலிருந்து வளைந்து எழும் முட்டுமரங்கள்தான் அதைத் தாங்குகின்றன. அலங்காரமாகத் தெரிவது அத்தனையும் பாரம் சுமக்கும் வேலை. எத்தனையோ மாளிகை முகப்புகளைவிட இந்த வளைவு எனக்குப் பெரிது.

இந்த வீடுகளுக்கு ஓக் மரத்தைக் காயவிடாமல் பச்சையாகவே இழைப்பார்கள். துளையில் கழுந்தைச் செருகி, குறுக்கே மரமுளை அடித்துவிட்டால் போதும். மரம் உலர உலர முறுகி, பொருத்து இறுகும். சட்டங்கள் கோணிக்கொண்டதும் அதனால்தான். பட்டறையில் ஒருமுறை கோத்துப் பார்த்து, பிரித்துக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். எது எதோடு சேரும் என்று தெரிய, உளியால் ரோமன் எண்களைக் கீறிவைப்பார்கள். நேர்க்கோடாக இருப்பதால் வெட்டச் சுலபம்.

காலண்டர்களில் வரும் கறுப்பு வெள்ளை வீட்டைக் கண்டு மயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பக்கத்தில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். சும்மா விட்டால் ஓக் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வரும், அதுதான் அழகு.

கூடத்தின் நடுவே தரையில் அடுப்பு; புகைபோக்கி பிற்காலத்து வரவு. புகை கூரை வழியே கசிந்து போகும். ஆல்ஃப்ரிஸ்டன் கூடத்தின் தரை, சீமைச்சுண்ணாம்புக் கல்லை இடித்துக் கெட்டித்து, புளித்த பால் ஊற்றி மெழுகியது. மூலை உத்திரமொன்றில் ஓக் இலை செதுக்கியிருக்கிறது. பழைய கட்டடங்களைக் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டின் சின்னத்துக்கு அதுவே மூலம் என்பார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீடு இடியும் நிலை. அதைக் காப்பாற்ற ஊர்ப் பாதிரியார் பெய்னன் விடாமல் அலைந்தார். 1895-இல் தொடங்கிய டிரஸ்ட், மறு ஆண்டே 10 பவுண்டுக்கு இதை வாங்கியது. அது வாங்கிய முதல் கட்டடம் இதுவே. பழுதுபார்க்கும் செலவோ விலையைப்போலப் பல மடங்கு. அதற்கு, டிரஸ்டை நிறுவியவர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் ஊரெல்லாம் நன்கொடை கேட்க வேண்டியிருந்தது.