குளிர் உறைக்காத போர்க்களமும் கொழுந்து கிள்ளாத எஸ்டேட்டும்

1962 அக்டோபரில் மூண்டு ஒரு மாதமே நடந்த சீன யுத்தத்தின் புண் ஆறுமுன்னரே, அதைக் கருவாகக் கொண்ட 'இரத்தத் திலகம்' 1963 செப்டம்பரில் வெளிவந்தது. அதற்கு ஐந்து மாதம் கழித்து, யுத்தம் என்று ஒன்று நடந்ததாகவே காட்டிக்கொள்ளாத 'காதலிக்க நேரமில்லை' வந்து ஊரையெல்லாம் சிரிக்கவைத்தது. முன்னது தேசபக்தி, ஆதலால் உயர்ந்தது. பின்னது ஹாஸ்யம், ஆதலால் வெறும் பொழுதுபோக்கு என்று கதைப்பொருளைக் கொண்டே தராதரம் பிரித்துவிடும் வழக்கம் நம் ரசிகர்களிடம் நெடுங்காலமாக உண்டு. வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையத்தையும், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையையும், சரிவெங்கும் தேயிலையையும் வைத்துக்கொண்டு வாழும் குன்னூர்க்காரனுக்கு, பட்டாளமும் எஸ்டேட்டும் திரையில் மட்டும் காண்பவை அல்லவாகையால், அந்தத் தீர்ப்பை அப்படியே ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை.

வழக்கத்தில் நியாயமே இல்லை என்பதற்கில்லை. தகுந்த கம்பளி உடையும் இன்றி இமயத்தின் உயரங்களில் நிறுத்தப்பட்ட ஜவான்களின் கதியை எண்ணி நாடே பதைத்திருந்த காலத்தில், சுடச்சுட அப்பொருளைத் தொட்ட இயக்குநர் தாதா மிராசியின் துணிவு சாமானியமானதன்று. ஆயினும், மார்கழிப் பனியில் விடியற்காலம் விரல் மரத்துப்போவதை அறிந்த எங்களுக்கு அந்தப் போர்க்களத்தில் குளிரே உறைப்பதில்லை. வீரம் அங்கே உடம்பால் தாங்கப்படுவதைவிட வாயால் உரைக்கப்படுவதே அதிகமாக இருக்கிறது. சிவாஜி கணேசனின் கம்பீரம் வசனத்துக்கு ஒளி கூட்டுகிறதே தவிர, பசியும் பயமும் தூக்கமின்மையும் உள்ள ஒரு சிப்பாயை நம் கண்முன் நிறுத்தவில்லை.

பயத்தைக் காண வேண்டுமானால், விந்தைதான், ஹாஸ்யப் படத்துக்கே போகவேண்டும். படம் எடுக்கப் பணம் கேட்கும் மகன் நாகேஷ், தகப்பனார் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் கட்டத்தில் திரையில் பேயும் இல்லை, இருட்டும் இல்லை. மகன் வாயாலேயே கதவைக் கிறீச்சிட வைக்க, சொத்துக்கும் அதிகாரத்துக்கும் சொந்தக்காரரான அப்பெரியவரின் முகம் முதலில் அலட்சியமாய், பிறகு ஆவலாய், கடைசியில் குழந்தையின் திகிலாய்ப் படிப்படியாகக் கரைந்துபோகிறது. ஸ்ரீதரும் கோபுவும் எழுதிய இந்தச் சில நிமிஷங்கள் சாதித்ததை, மற்றப் படத்தின் துப்பாக்கிகள் அத்தனையும் சேர்ந்து சாதிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அதற்காக ஹாஸ்யப் படத்துக்கும் சலுகை காட்டலாகாது. பாலையா சின்னமலை எஸ்டேட் முதலாளி. ரவிச்சந்திரன் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, பங்களாவின் எதிரே கூடாரம் அடித்து நியாயம் கேட்பவர். கதையே ஒரு வேலைநீக்கத்தில்தான் சூடு பிடிக்கிறது. எனினும் அந்த எஸ்டேட்டில் விளைவது தேயிலையா காப்பியா என்பது கூடப் பார்த்தவர் மனத்தில் நிற்பதில்லை. கூடை சுமக்கும் பெண்ணில்லை, நிறுவை இல்லை, மேஸ்திரியின் அதட்டல் இல்லை. ஆழியாற்றுப் பக்கத்து அழகை வண்ணத்தில் அள்ளிய வின்சென்ட்டின் காமிரா, தொழிலாளர் குடியிருக்கும் பாடிப் பக்கம் திரும்பவேயில்லை. படம் வந்த அதே 1964-ன் அக்டோபரில்தான், இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு நாட்டுப் பிரதமர்களான சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர். அவ்வாறு வந்தவர்களுக்கு வேலை தரவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் பின்னாளில் உண்டாயிற்று. சிரிப்புப் படம் சரித்திரம் பேசவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உழைப்பில்லாத எஸ்டேட் ஒன்றை உல்லாச மாளிகையாக்கி, பின்வந்த படங்களுக்கெல்லாம் வழிகாட்டிவிட்டதே என்பதுதான் குறை.

போர்ப்படம் மேலோங்கி நிற்கும் இடமும் ஒன்று உண்டு; அது போர்க்களம் அன்று. கல்லூரி மேடையில் நாயகன் குமாரும் நாயகி கமலாவும் ஒதெல்லோவும் டெஸ்டிமோனாவுமாக நடிக்கிறார்களே, சந்தேகத்தால் காதல் அழிந்த அக்கதையை அங்கே வைத்தது வெறும் அலங்காரத்துக்காக அன்று. பின்னர் சீனாவில் அகப்பட்டு, எதிரியின் வீட்டில் வாழ்ந்துகொண்டே தாய்நாட்டுக்கு உளவு சொல்லும் கமலாவாக, உண்மையை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத நிலையைச் சாவித்திரி கண்களிலேயே தேக்கிவைக்கிறார். சின்னமலைச் சகோதரிகளான காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் ஸ்ரீதர் அழகும் துடுக்கும் வாரி வழங்கினார். தகப்பனாரை ஏமாற்றிக் கணவனை அடைவதற்கு மேற்பட்ட ஒரு தர்மசங்கடத்தை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.