அடிப்பிடித்த இடத்தில் ருசி

மார்ச் தொடக்கத்தில் மொன்றியல் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வாரம் விடுமுறை. பனி இன்னும் கரைந்திராது. கோட்-டெ-நெய்ஜின் மாடிவீடுகளில், பிள்ளைகளுக்காக லீவு போட்ட தாய் தகப்பனுக்குப் போக்கிடம் குசினிதான். பிரெஞ்சுச் சாப்பாட்டை வீட்டில் செய்து பார்க்க அதைவிட நல்ல வாரம் வாய்க்காது. அந்தச் சமையலுக்கு வேண்டியவற்றில் கிடைக்க அரியது பொழுது ஒன்றுதான்.

எண்பதுகளிலிருந்து ஈழத்தமிழர் வந்து குடியேறிய மொன்றியல் பகுதி கோட்-டெ-நெய்ஜ். மொழி தெரியாமல் வந்த பலருக்கு முதலில் அகப்பட்டது உணவக வேலை. கோப்பை கழுவினார்கள், மரக்கறி வெட்டினார்கள், கொஞ்சம் கொஞ்சமாக அடுப்படிக்கு நகர்ந்தார்கள். பாரிஸிலும் இதே கதைதான். 2023இல் அந்த நகரத்தின் சிறந்த பாகெட்டுக்கான பரிசை வென்று, ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருடம் பாண் கொடுக்கும் பெருமையைப் பெற்ற தர்ஷன் செல்வராஜா இலங்கையிலிருந்து போனவர்.

உணவகங்களில் பழகிய அந்தச் சமையலை வீட்டில் தொடங்க உகந்தது வெண்காய சூப். நாலு பேருக்கு ஒரு கிலோ வெண்காயம். மெல்லியதாக அரிந்து, அடி கனத்த சட்டியில் பட்டர் இளகியதும் போட்டு, சிறு தீயில் விட வேண்டும். கறிக்கு வதக்கிப் பழகிய கைக்குப் பத்து நிமிடத்தில் பொறுமை போய்விடும். இதற்கோ முக்கால் மணி, ஒரு மணி நேரம். முதலில் தண்ணீர் விட்டுச் சுருங்கும், பிறகு மஞ்சளிக்கும், கடைசியில்தான் பனங்கட்டி நிறம் வரும். சட்டி நிறையப் போட்டது அடியில் ஒரு கைப்பிடியாகக் கிடக்கும்.

அப்போது சட்டியோடு பழுப்பாக ஒரு படை ஒட்டியிருக்கும். நம் வீடுகளில் ‘அடிப்பிடிச்சுப் போச்சு’ என்று திட்டு விழுகிற கட்டம். பிரெஞ்சுச் சமையல்காரர் காத்திருந்ததே அதற்காகத்தான். அரைக் கோப்பை வெள்ளை வைனை ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால், சீறிக்கொண்டு படை கழன்று வெண்காயம் முழுவதும் நிறம் ஏறும். கருகிவிட்டால் தீர்ந்தது, அந்தக் கசப்பு எதற்கும் மசியாது. வைன் சேராத வீட்டில் எலும்பு அவித்த சாறும் துளி வினாகிரியும் போதும். மேலே முதல் நாள் பாண், அதன்மேல் துருவிய சீஸ். வழக்கமாகப் போடும் கிருயேர் விலை கூட. காய்ச்சாத பசும்பாலில் செய்யும் கியூபெக்கின் லூயி டோர் அதற்குச் சளைத்ததல்ல.

இறைச்சியிலும் இதே சுரண்டல்தான். அமெரிக்கரான ஜூலியா சைல்டும் இரண்டு பிரெஞ்சுத் தோழிகளும் சேர்ந்து எழுதி 1961இல் வந்த சமையல் நூல், சிவப்பு வைனில் வேகும் புர்கின்யோனுக்கு மாட்டிறைச்சியை ஈரம் போகத் துடைக்கச் சொல்கிறது. ஈரமிருந்தால் சிவக்காது. தூள் பிரட்டித் தன் தண்ணீரிலேயே வேகவிடும் யாழ்ப்பாணக் கைக்கு இது நேர்மாறான பாடம். பழக இரண்டு மூன்று தடவை செல்லும்.

கடைசியில் இனிப்புக்கு வரும் கிரெம் கரமெலில் யாரும் தடுமாற மாட்டார்கள். வட்டிலப்பம் அவித்தவருக்கு அது பாதி தெரிந்த வேலை. தேங்காய்ப்பாலுக்குப் பசும்பால், கருப்பட்டிக்குச் சீனி, ஆவிக்குப் பதில் ஓவன் தட்டில் ஊற்றிய சுடுதண்ணீர். அந்தத் தண்ணீர் கொதித்தால் முட்டை திரைந்து ஓட்டை ஓட்டையாகும் என்பது மட்டும் கவனம். ஏலக்காயை இந்த ஒரு வாரத்துக்கு அலுமாரியிலேயே விட்டுவிடலாம்.