ஐயரும் உபதேசியாரும்

சீர்திருத்தச் சபைக் குருமார்களின் வாழ்க்கை வரலாறுகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. விழா மலர்களிலும் சபைச் சரித்திரங்களிலும் அவை ஒரே அச்சில் வார்த்தவை: பிறப்பு, மனமாற்றம், பாடுகள், ஊழியம், பாக்கியமான மரணம். யார் யார் குருவானார்கள் என்பதே அவற்றின் கதை. யாருக்குக் குருப்பட்டம் மறுக்கப்பட்டது என்ற கேள்வியோடு அதே பக்கங்களை நான் திரும்பப் படித்தேன். அப்போது தெரிவது வேறு சரித்திரம்.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். இருபத்தேழு வருஷம் கழித்து, 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் சீர்திருத்தச் சபைக் குரு என்று எல்லா நூலும் கொண்டாடும் பெயர். கடலூர் வெள்ளாளக் குடும்பத்தில் ஆறுமுகமாகப் பிறந்தவர், 1718இல் ஞானஸ்நானம், 1745இல் மரணம். அவருடைய உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு நோக்கமில்லை. கிராமம் கிராமமாக நடந்து தேய்ந்த மனிதர் அவர்.

அதே காலத்தில் தஞ்சை நாட்டில் இன்னொருவர் இருந்தார். பெயர் ராஜநாயக்கன். பறையர். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். கத்தோலிக்கராக இருந்து, தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் தானே படித்து லுத்தரன் பக்கம் வந்தார். வெள்ளைக்காரப் பாதிரி வந்து கையைப் பிடித்து இழுத்த கதை இல்லை இது. எழுத்தறிந்த ஒரு பறையர் புத்தகத்தைப் படித்து எடுத்த முடிவு. 1728இல் உபதேசியாரானார். 1771இல் சாகும்போதும் உபதேசியார்தான். நாற்பது வருஷத்துக்கு மேல்!

குருப்பட்டத்துக்கு அவரை மிஷனரிகள் எண்ணிப் பார்க்காமல் இல்லை. அவருக்கு அறிவில்லை, பக்தியில்லை, உழைப்பில்லை என்று யாரும் எழுதி வைக்கவுமில்லை. வந்த தடை ஒன்றே ஒன்று: பறையர் கையால் திருவிருந்து வாங்கச் சூத்திரக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். 1741இல் தியோகுவுக்குப் பட்டம், 1749இல் அம்புரோசுக்குப் பட்டம். ராஜநாயக்கன் அங்கேயே நிற்கிறார்.

உபதேசியாருக்கும் குருவுக்கும் என்ன வித்தியாசம்? உபதேசியார் பிரசங்கம் பண்ணலாம், ஜெபிக்கலாம், அடிபடலாம். அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக் கொடுக்க முடியாது. நம்ம சனத்தின் வாயிலிருந்து வருகிற வார்த்தையைச் சாதிக் கிறிஸ்தவர் காதால் கேட்டுக்கொள்வார். கையிலிருந்து வருவதைத்தான் வாயில் வைக்க மாட்டார். ஊர்க் கிணற்றில் இருந்த சட்டம் அப்படியே பீடத்திலும் ஏறி உட்கார்ந்தது. இன்னொன்றையும் கவனிக்கணும். பட்டம் பெற்றவரை அன்றைய சபை 'ஐயர்' என்று கூப்பிட்டது. தெற்கத்திச் சனம் இன்றைக்கும் போதகரை 'ஐயரு' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும்தான் சொல்லும். பறையர் ஒருவர் ஐயராவதா? மறுப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதைச் சரித்திரக்காரர்கள் எப்படி எழுதுகிறார்கள்? ஆரோனுக்கு அத்தியாயம். ராஜநாயக்கனுக்கு 'உத்தமமான உபதேசியார்' என்று ஒரு பத்தி. 'அக்காலச் சூழ்நிலை' என்று ஒரு பெருமூச்சு. சூழ்நிலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் ஆட்கள் தப்பித்துக்கொள்ளலாம். அந்தச் சூழ்நிலைக்கு ஆட்கள் இருந்தார்கள், பெயர்கள் இருந்தன. மறுத்தவர்கள் ஒரு பக்கம், மறுப்புக்கு இணங்கியவர்கள் இன்னொரு பக்கம். தமிழ் இலக்கியப் படிப்பும் இதில் குறைந்ததில்லை. எம்.ஏ. வகுப்பில் வீரமாமுனிவரைத் தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் படித்தோம். லுத்தரன்களை எதிர்த்து அவர் எழுதிய உரைநடை நூல்களின் பேரும் சொன்னார்கள். அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றவர்களில் ஒரு பறையர் போர்வீரரும் உண்டு என்று ஒரு வாத்தியாரும் சொல்லவில்லை.

நூறு வருஷம் கழிந்தும் நிலைமை அதுவே. சபைக்குள் சாதி கூடாது என்று பிஷப் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். சபையை விட்டாலும் விடுவோம், சாதியை விட மாட்டோம் என்று வெளியேறியவர்கள் உண்டு.

வேறு வழியே இருக்கவில்லையா? இருந்தது. மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் 1799இல் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். 1806இல் ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்தது அவர் அழைப்பின் பேரில்தான். 1816இல் அந்த மிஷனரி புறப்பட்டபோது தன் அங்கியை வேதமாணிக்கத்துக்கு அணிவித்துச் சபைகளை ஒப்படைத்தார் என்று குமரிச் சபை வரலாறுகள் சொல்கின்றன. அடுத்த மிஷனரி வரும்வரை சபைகளைக் காத்தவர் அவரே. தரங்கம்பாடியில் முடியாதென்று சொன்னது மயிலாடியில் நடந்தது. சம்மதிக்காதவர்களிடம் சம்மதம் கேட்டுக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பழங்கதையைக் கிளறுவானேன் என்று கேட்பார்கள். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்கிறது அரசு. அதை மறுக்க ராஜநாயக்கனின் நாற்பது வருஷத்தை விடப் பெரிய சாட்சி வேண்டுமா? டில்லியில் போய் 'எங்களுக்குள் சாதி உண்டு, உரிமை கொடு' என்று மனுக் கொடுக்கிற சபைத் தலைவர்கள், ஊரில் விழா மலர் போடும்போது மட்டும் அந்தப் பக்கத்தை ஒட்டி மூடுகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் பேச முடியும்.

இனி எழுதப்படும் குருமார் வரலாற்றில் ஆரோனுக்கு ஒரு அத்தியாயம் என்றால் ராஜநாயக்கனுக்கும் ஒன்று வேண்டும். அதில் அவருடைய பக்தியைப் புகழ்ந்து பக்கத்தை நிரப்ப வேண்டாம். அவருக்குப் பட்டம் கொடுக்காததன் காரணத்தை முதல் வரியில் எழுதினால் போதும். வேதாகமக் கல்லூரிகளில் படிக்கிற நம்ம பிள்ளைகள் அங்கிருந்து வாசிக்கத் தொடங்கட்டும்.