மலைக்காட்சி ஓவியமும் குறிஞ்சி மரபும்

மலையைத் தீட்டுதல் எளிது. மலைவாழ்வைத் தீட்டுதல் அரிது. ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் நெடுஞ்சாலையில் தோன்றும் பசுஞ்சரிவுகளும், தவழும் மூடுபனியும், டெவன், சென்கிளேயர் அருவிகளும் நாட்காட்டிகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் எண்ணிறந்த முறை தீட்டப்பெற்றுள்ளன. அவற்றின் வண்ணத்தில் குறையில்லை. எனினும், ஒருமுறை கண்டவர் மறுமுறை காண விழைவதில்லை. இதற்குக் காரணம் யாது?

விடை தொல்காப்பியத்தில் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் அக ஒழுக்கம் உரிப்பொருள். முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது அந்நூலின் துணிபு. இது செய்யுட்கு வகுத்த நெறியேயாயினும் ஓவியத்திற்கும் உரைகல்லாகும். நாட்காட்டி ஓவியம் முதற்பொருளோடு நின்றுவிடுகிறது. அதிற் கொழுந்து பறிக்கும் பெண் மாந்தரல்லள்; பசுமைக்கு எடுப்பாக இட்ட செம்புள்ளி மட்டுமே.

இதற்கு மாறாகச் சீனத்துச் சோங் அரசவை ஓவியர் குவோ சீ 1072ஆம் ஆண்டில் பட்டின்மேல் மையால் தீட்டிய ‘முன்வசந்தம்’ என்னும் ஓவியத்தைக் காட்டலாம். இன்று தைபெய் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்திலுள்ள அது, ஏறத்தாழ 158 செண்டிமீற்றர் உயரமுடையது. நடுவே ஓங்கிய மலையைப் பனி இடையிடையே மறைக்கிறது. அடிவாரத்திலோ, படகினின்று இறங்கும் தாயும் சேயும், சுமை தாங்கி நடப்போரும் சிற்றுருவாய்க் காணப்படுகின்றனர். அவர்களைக் கண்ட கண் அவர்களோடே மலையேறுகிறது. நடக்கவும் நோக்கவும் ஏற்ற மலையோவியத்தினும், உலவவும் உறையவும் ஏற்றதே உயர்ந்தது என்பது குவோ சீயின் கொள்கை.

அவ்வுரைகல்லில் மலையகக் காட்சியை உரைத்துப் பார்த்தல் வேண்டும். அச்சரிவுகளின் ஒழுங்கு இயற்கை தந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் காடழித்துக் கோப்பி நட்டனர்; 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தது; 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர் அதன் இடத்தைப் பிடித்தது. கான் வெட்டியோரும், நிரை நிரையாய்க் கன்று நட்டோரும், கவ்வாத்துச் செய்தோரும் பெரும்பாலும் தமிழகத்தினின்று வந்த தொழிலாளரே. ஓவியனின் தூரிகைக்கு முன்பே மண்வெட்டியால் அம்மலையில் கோடு வரைந்தவர்கள் அவர்கள். அவர்களின் லயத்தை நீக்கி மலையை வரைபவன், அதன் முதல் ஓவியரையே நீக்குகிறான்.

லயத்தைச் சேர்த்தால் எழில் குன்றும் என்பாருளர். குவோ சீயின் சுமைகாரரால் அம்மலையின் எழில் குன்றவில்லை; பெருகிற்று. ஆயின், துயரத்தை மட்டுமே தீட்டி மலையை மறப்பதும் நிறைவாகாது. பனி படர்ந்த மாலையில் லயத்துக் கூரையினின்று எழும் அடுப்புப் புகை, அப்பனியோடு கலப்பதைக் காணும் கண் வேண்டும்.

மலையகத்து ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தம் படைப்புகளிற் சிலவற்றுக்குத் தேயிலைச் சாயத்தையே வண்ணமாகக் கொண்டுள்ளார். அவை நிலக்காட்சிகள் அல்ல. எனினும், கருப்பொருளே ஓவியப் பொருளாகி உரிப்பொருளைத் தாங்கும் நெறியை அவை காட்டுகின்றன. அந்நெறியில் மலையும் மாந்தரும் ஒருங்கே நிற்கும் ஓவியம் எழும் நாளில், குறிஞ்சி மரபு வண்ணத்திலும் வாழும்.