கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மேல் ஒரு பித்து

பதுளைப் பக்கம் எந்தத் தோட்டத்தில் என் பைத்தியத்தைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள். வானிலை வரைபடத்தை நான் மழைக்காகப் பார்ப்பதில்லை. மழையாகாத தண்ணீருக்காகப் பார்க்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், இதைவிடச் சுவையான வரைபடம் உலகத்தில் கிடையாது!

தலைக்கு நேர்மேலே வானம் முட்ட நிற்கும் நீராவியை எல்லாம் பிழிந்து கீழே விட்டால் எத்தனை மில்லிமீட்டர் தேங்கும்? அந்தக் கணக்குதான் அதில் நிறமாக நகர்கிறது. நம் தீவின் மேல் பல பத்து மில்லிமீட்டர். விரலை வடக்கே இழுத்து லடாக்கின் ஹன்லேயில் நிறுத்துங்கள். 4,500 மீட்டர் உயரம். 2 மீட்டர் ஆடியுள்ள இமாலய சந்திரா தொலைநோக்கி இருக்கும் இடம். நல்ல குளிர்கால இரவில் அங்கே 2 மில்லிமீட்டருக்கும் குறைவு! பார்த்ததும் கூவியேவிட்டேன்.

ஏன் இந்தக் கூத்து? அகச்சிவப்பு ஒளி தூசி மேகங்களை ஊடுருவி வரும். பால்வெளியின் நடுவே கருந்துளையைச் சுற்றும் விண்மீன்களை அந்த ஒளியில்தான் வானியலாளர்கள் கென்செலும் கெஸ்ஸும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தார்கள். 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு தூரம் தப்பி வந்த ஒளியின் சில அலைநீளங்களை, கடைசிச் சில கிலோமீட்டரில் நம் நீராவி விழுங்கிவிடும். மேகமே இல்லாத இரவிலும் விழுங்கும்! சிலியின் பரனால் வானாய்வகத்தில் நீராவியை விடாமல் அளக்கிறார்கள். வறண்ட இரவு வரப்போவது முன்கூட்டித் தெரிந்தால் அகச்சிவப்பு ஆய்வை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். ஈர இரவைக் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு விட்டுவிடலாம்.

இதில் ஊவாக்காரருக்குத் தனி உரிமை உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, அப்புத்தளை முகடு தாண்டி வறண்ட கச்சான் காற்றாக இறங்கும்போதுதான் நம் கொழுந்துக்கு அந்த மணம் ஏறுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு இருக்கும் மவுசு அந்த வறட்சி தந்தது. இமயமலை லடாக்குக்குச் செய்வதும் இதேதான்! ஆனால் நம் நமுனுகுலை மலை 2,036 மீட்டர்தான். நம் வறட்சி தரைக்காற்றோடு சரி. நீராவியில் பெரும்பங்கு வளிமண்டலத்தின் கீழடுக்கிலேயே தங்கிவிடும். ஹன்லே அதற்கும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இந்த நீராவி வரைபடத்தைத் தரும் அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். வானிலைக் கணிப்பு நாளுக்கு நான்கு தடவை புதிதாக வருகிறது, காசு கேட்பதில்லை. கச்சான் மாதத்தில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை பதுளையையும் ஹன்லேயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் உங்களையும் ஊர் சிரிக்கும். எனக்குக் கூட்டாளி கிடைத்துவிடும்!