கரிசல் வீட்டுத் தோட்டமும் கடன் வாங்கிய யோசனைகளும்

தோட்டக்கலை பற்றித் தமிழில் வெளிவரும் குறிப்புகள் பலவற்றில் ஒரு குறை உண்டு. செடியின் பெயர், பூவின் நிறம், பூக்கும் மாதம் எல்லாம் இருக்கும். மண்ணைப் பற்றி ஒரு வரியும் இராது. அவற்றை நம்பிக் கோவில்பட்டி வாசகர் செடி வைத்தால் பணமும் நீரும்தான் வீண்.

“வசந்தத்தில் முதலில் பூப்பது” என்னும் புகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். இது குளிர்நாட்டு நூல்களின் வழக்கு. ஐரோப்பியத் தோட்டங்களில் ஃபார்சித்தியா என்னும் புதர்ச்செடி, இலை விடுமுன்பே மஞ்சளாகப் பூத்துவிடும். முந்தைய ஆண்டில் உருவான அதன் மொட்டுகள், பல வாரக் குளிரைக் கடந்த பின்னரே நன்கு மலரும். நம் கரிசல் காட்டில் அந்தக் குளிர் ஏது? இங்கே செடிகளின் காலத்தைப் பெரிதும் வகுப்பது ஐப்பசி, கார்த்திகை மழையே.

அடுத்தது இட்லிப்பூச் செடி. “எங்கும் வளரும்” என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் அது அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்புவது. சுண்ணாம்பு கலந்த கரிசல் மண்ணோ காரத்தன்மை உடையது. அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் நீரில் கரையாது. வேரால் உறிஞ்ச முடியாது. அதனால் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகின்றன. நீர்க்குறை என்று எண்ணி மேலும் நீர் ஊற்றினால், களிமண்ணில் காற்றோட்டம் குறைந்து நோய் முற்றும். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்துத் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் மண் மாறாததால் மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டும். தாமிரவருணிக் குடிநீரை எதிர்பார்த்திருக்கும் ஊரில் அழகுக்காக இத்தனை செலவு தேவைதானா?

மண்ணுக்கேற்ற பயிர் என்பது இவ்வூருக்குப் புதிய பாடமன்று. 1901ஆம் ஆண்டு முதல் இங்கு இயங்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களில் காட்டிவரும் வழி அதுவே. வயலுக்குப் பொருந்துவது வாசலுக்குப் பொருந்தாதா?

முன்னதாகப் பூக்கும் மஞ்சள் புதர்தான் வேண்டுமென்றால், சாலையோரத்தில் ஆவாரை நிற்கிறது. பொங்கல் காப்புக்கட்டுக்குப் பறிக்கும் அதே பூ. வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும். விதைத்தோல் கடினமானது, சுடுநீரில் இட்டு, ஆறும்வரை ஊறவிட்டு விதைக்கலாம். மழைநீர் தேங்காதபடி மண்ணைச் சற்று மேடாக்குவது அவசியம். பூத்து முடிந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிட்டால் புதர் அடர்த்தியாகும்.

ஆவாரையைப் புகழ்வோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரைக் குடும்பச் செடியாதலால் வேர்முடிச்சுகள் மூலம் நிலத்துக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று எழுதுவது பிழை. அவ்வினத்துச் செடிகளில் பொதுவாக வேர்முடிச்சுகள் உண்டாவதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை: ஆவாரம்பூவில் தேன் இல்லை, மகரந்தப் பைகளின் நுனியில் சிறு துளைகள் மட்டுமே உண்டு. பெரிய கருவண்டு பூவைப் பற்றி உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பதை அருகில் நின்று கேளுங்கள். அதன் ரீங்காரம் மாறுவது காதுக்குத் தெரியும்.

தோட்டக் குறிப்பு எழுதுவோர் இனியேனும் செடியின் பெயருக்கு முன் மண்ணின் பெயரை எழுதட்டும்.